கணவாய்க் காற்றும் நான்கு புத்தகங்களும்

முதல் நாள், ஜூன் 16: கொழிஞ்சாம்பாறை

கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஜன்னல் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. மழை இல்லை, காற்றுதான். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாமல் திறந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். ஆனி பிறந்ததும் தென்மேற்குக் காற்று அந்த வாசல் வழியாக எங்கள் உடுமலைப்பேட்டை வரைக்கும் வந்துவிடும். ஆனால் அங்கே நாங்கள் வாங்குவது மிச்சக் காற்று. அதன் முழு வேகம் வன்னாமடை தாண்டிய பிறகுதான் தெரியும். சாலையின் இரண்டு பக்கமும் பனைகள் ஒரே திசையில் தலையை விரித்துக்கொண்டு நின்றன.

அக்கா வீடு கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறது. கேரளம்தான், ஆனால் மளிகைக் கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் தமிழ் பேசித் தடையில்லாமல் வாழலாம். சித்தூர் தாலுகாவின் இந்தப் பக்கத்தில் தமிழ் வழிப் பள்ளிக்கூடங்களே இருக்கின்றன. அக்கா மகன் அப்படி ஒரு பள்ளியில்தான் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறான்.

ஆறு நாள் விடுப்பு, பையில் நான்கு புத்தகங்கள். வைக்கம் முகமது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு', ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்', உரையோடு சிலப்பதிகாரம், ஜெயமோகனின் 'அறம்'. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு. நான் இலக்கியம் படித்தவள் அல்ல. கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். இரவு ஒன்பதுக்கு மேல் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் கைக்கு வந்ததைப் படிக்கிறேன்.

இந்த நாட்குறிப்பை எழுத ஒரு காரணம் இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன் நண்பர்கள் கூடியிருந்த இடத்தில் ஒருவர் கசாக்கைப் பற்றிக் கேட்டார். "அற்புதமான நாவல்" என்றேன். அப்போது நான் நாற்பது பக்கம்கூடத் தாண்டியிருக்கவில்லை. கேட்டவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். என் வார்த்தையை நம்பி அவர் அந்தப் புத்தகத்தை வாங்கினார் என்பது பிறகு தெரிந்தது. அந்தப் பொய் இன்னும் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆகவே இந்த ஆறு நாளும் எந்தப் புத்தகம் என்னை என்ன செய்ததோ அதை மட்டும் எழுதப்போகிறேன்.

பஸ்ஸில் பஷீரைத் தொடங்கினேன். அக்கா வீட்டுத் திண்ணையில் முடித்துவிட்டேன். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ஓய்வுக்காக வீடு திரும்பும் எழுத்தாளர். வீடு நிறைய அம்மா, தம்பிகள், தங்கைகள், குழந்தைகள், கோழிகள். தினமும் காலையில் மகளையும் ஆட்டையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும் பாத்துமா. அந்த ஆடு அவர் எழுதிய 'பால்யகால சகி'யையும் 'சப்தங்க'ளையும் தின்றுவிட்டு அவருடைய கம்பளியை நோக்கிப் போகும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். மாட்டுத் தொழுவத்திலிருந்து மாமா எட்டிப் பார்த்தார்.

பிறகு முன்னுரையைத் திரும்பப் படித்தேன். 1954-இல் மனநோய்க்காகத் திருச்சூரில் சிகிச்சையில் இருந்தபோது எழுதியது, திருத்தாமலே வெளியிட்டது என்று அவரே சொல்கிறார். அதைத் தெரிந்துகொண்டு மறுபடி புரட்டியபோது சிரிப்பு குறையவில்லை, ஆனால் வேறொன்றும் கண்ணில் பட்டது. பாத்துமாவுக்குத் தெரியாமல் அந்த வீட்டுப் பெண்கள் அவள் ஆட்டைக் கறந்துகொள்கிறார்கள். முதல் வாசிப்பில் அது குறும்பு. இரண்டாவது வாசிப்பில், ஒரு டம்ளர் பாலுக்குத் திருட வேண்டியிருக்கிற வீடு. இரண்டையும் ஒரே வரியில் வைத்துவிட்டு, எதையும் அழுத்திச் சொல்லாமல் அடுத்த கோழிக்குப் போய்விடுகிறார் பஷீர். இந்தப் புத்தகத்தை யாருக்கும் தயங்காமல் கொடுப்பேன்.

இரவு அக்கா அலமாரியிலிருந்து ஐந்தாவது புத்தகம் ஒன்றை எடுத்துவந்தாள். அம்மா வைத்திருந்த 'சமைத்துப் பார்'. எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951-இல் முதலில் வந்த புத்தகம். எங்களிடம் இருப்பது அட்டை போய், தையல் விட்டு, புளியும் எண்ணெயும் ஏறிய பிரதி. சமையலே தெரியாத பெண்ணைப் பக்கத்தில் நிறுத்திவைத்துப் பேசுவதுபோல எழுதியிருக்கிறார். எது எப்போது கொதிக்க வேண்டும், எந்த நிறத்துக்கு வர வேண்டும் என்று ஒரு படியையும் விடுவதில்லை. பழைய அளவுகளுக்குப் பக்கத்தில் அம்மா பென்சிலால் டம்ளர் கணக்கு எழுதியிருந்தார். ஒரு குழம்புக்குக் கீழே, "நமக்கு: பூண்டு 10 பல்" என்று இருந்தது. பூண்டு சேராத வீட்டுச் சமையலை அம்மா எங்கள் தோட்டத்து வீட்டுக்குக் கொண்டுவந்த விதம் அது. அக்காவும் நானும் அந்தப் பத்துப் பல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் நாள், ஜூன் 17: தஸ்ராக்

காலை எட்டு மணிக்குப் பாலக்காட்டு பஸ். வழியில் எலப்புள்ளி. எம்.எஸ். விஸ்வநாதன் 1928-இல் பிறந்த ஊர் இதுதான் என்று நடத்துநர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். பாலக்காட்டில் இறங்கி வேறு பஸ் பிடித்துக் கிணாசேரி போய், அங்கிருந்து நடந்தேன்.

கசாக் கற்பனை ஊர். தஸ்ராக் உண்மையான ஊர். 1956-இல் விஜயனின் தங்கை சாந்தா இந்த ஊரின் ஓராசிரியர் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தார். குடும்பம் தங்கிய இடம் நாற்றங்காலுக்காக வைத்திருந்த சிறு வீடு, ஞாற்றுப்புரை என்கிறார்கள். தங்கையைப் பார்க்க வந்து தங்கிய நாட்களிலிருந்து விஜயனுக்குக் கிடைத்ததுதான் நாவலின் கரு. 1968-இல் மாத்ருபூமி வார இதழில் தொடராக வந்து 1969-இல் புத்தகமானது. நான் வைத்திருப்பது யூமா வாசுகியின் தமிழாக்கம். அதற்குச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருது 2017-இல் கிடைத்திருக்கிறது.

ஞாற்றுப்புரை இப்போது நினைவகம். ஓட்டுக் கூரை, தாழ்ந்த திண்ணை, தூண்கள். வளாகத்தில் நாவலின் பாத்திரங்களைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நான் சிலைகளைச் சீக்கிரம் பார்த்து முடித்துவிட்டேன். வந்த வேலை வேறு. ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு முறை கைவிட்ட புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திறந்தேன். கூமன்காவில் பஸ்ஸிலிருந்து ரவி இறங்குகிறான்.

இதற்கு முன் ஏன் கைவிட்டேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு அத்தியாயத்திலும் புதுப் பெயர்கள். அல்லாப்பிச்சை மொல்லாக்கா, நைஜாம் அலி, மைமுனா, குப்புவச்சன், அப்புக்கிளி, மாதவன் நாயர். யார் வீட்டில் யார் என்று பிடிபடுவதற்குள் கதை வானத்துக்குப் போய்விடும். விண்மீன், முற்பிறவி, மூடுபனி என்று. உடுமலைப்பேட்டையில், மின்விசிறிக்குக் கீழே, மறுநாள் மாதக் கணக்கு முடிக்க வேண்டிய கவலையோடு படிக்கும்போது அது எனக்கு வெறும் மூட்டமாக இருந்தது.

இங்கே ஒன்று நடந்தது. நாவலில் பனைகளில் காற்று பிடித்துச் சீறும் இடங்கள் அடிக்கடி வரும். அதை அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரமும் அந்தச் சத்தம் ஒரு கணம்கூட நிற்கவில்லை. காய்ந்த மட்டைகள் ஒன்றோடொன்று உரசும்போது முதலில் மழை என்று தோன்றும். பிறகு தூரத்தில் கூட்டமாக யாரோ பேசுவதுபோல இருக்கும். அரை மணி நேரத்துக்குப் பிறகு அதற்குள் சொற்கள் இருப்பதுபோலக் காது தானாகவே தேட ஆரம்பித்துவிடுகிறது. இப்படி ஒரு சத்தத்துக்கு நடுவில் நாள் முழுக்க வாழ்கிறவர்களுக்கு இறந்தவர்கள் பேசுவதும் பிறவிகள் கலப்பதும் இயல்பான காரியம்தான். நான் மூட்டம் என்று நினைத்தது அந்த ஊரின் ஓசை.

120 பக்கங்கள் போயின. அம்மை நோய் வரும் பகுதியை எட்டினேன். உடம்பில் பூக்கும் கொப்புளங்களைச் சாமந்திப் பூக்களாகச் சொல்கிறார் விஜயன். புத்தகத்தை மூடிவிட்டேன். என் பாட்டிக்கு முகம் முழுக்க அம்மைத் தழும்பு. சிறு வயதில் அவர் மடியில் படுத்து அந்தக் குழிகளை விரலால் எண்ணுவேன். "ஆத்தா போட்ட முத்து" என்பார். இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை வந்தது 1975-இல். பாட்டி தன்னுடன் பிறந்த இருவரை அதில் இழந்தவர். ஆனாலும் முத்து என்றுதான் சொன்னார், ஒருநாளும் நோய் என்றதில்லை. விஜயனின் சாமந்தியைப் படித்தபோது, அழகான உவமை என்று என்னால் பாராட்ட முடியவில்லை. பாட்டியின் கன்னம் விரல் நுனிக்கு வந்துவிட்டது. ஒரு புத்தகம் எனக்கு இதைவிட அதிகமாக எதுவும் செய்ததில்லை.

ஆனால் ரவியோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. சிற்றன்னையோடு நேர்ந்த பாவம் அவனைத் துரத்துகிறது, அதனால்தான் படிப்பையும் பட்டத்தையும் விட்டு இங்கே வருகிறான். சரி. ஆனால் வந்த இடத்திலும் பெண்கள் அவன் துயரத்துக்கு நிழல் கொடுக்கும் மரங்களாகவே நிற்கிறார்கள். மைமுனா வரும் இடமெல்லாம் பக்கம் ஒளிர்கிறது. நீல நரம்போடிய அந்தக் கைகளை மறக்க முடியாது. அவள் மனதில் என்ன ஓடுகிறது என்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. 120 பக்கத்தில் தெரியவில்லை.

மூன்றாம் நாள், ஜூன் 18: சித்தூர்

சித்தூர் பகவதி கோயிலுக்கு அக்காவோடு போனேன். இங்கே கும்ப மாதத்தில் கொங்கன்படை என்று ஒரு திருவிழா. கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்த அரசனைப் பகவதியே போருக்கு வந்து வென்றாள் என்பது ஐதிகம். அந்த வெற்றியை இந்த ஊர் ஆண்டுதோறும் நடித்துக் கொண்டாடுகிறது.

நான் கொங்கு நாட்டுக்காரி. எங்கள் பக்கத்தில் இந்தப் படையெடுப்பைப் பற்றி ஒரு பாட்டோ கதையோ நான் கேட்டதில்லை. வென்றவர்கள் இத்தனை தலைமுறையாக நினைவு வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அப்படி ஒரு தோல்வி நடந்ததே தெரியாது. கோயில் முன்னால் நின்றபோது எனக்கு வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. பையில் இருந்த சிலப்பதிகாரத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று மட்டும் புரிந்ததுபோல இருந்தது.

பள்ளியில் புகார்க் காண்டமும் மதுரைக் காண்டமும் கொஞ்சம் கொஞ்சம் படித்திருக்கிறேன். வஞ்சிக் காண்டம் சேர நாட்டில் நடப்பது. ஏழு காதைகள்தான். சேர நாட்டுக்குள் நிற்கும்போது படித்துவிடலாம் என்று ஆற்றங்கரையில் உட்கார்ந்தேன். இங்கே ஓடும் ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். பழைய மலையாளக் கவி எழுத்தச்சன் தங்கி வாழ்ந்த குருமடம் இதன் கரையில்தான் இருக்கிறது.

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். முதல் காதையான குன்றக் குரவை என்னை உலுக்கியது. வேங்கை மரத்தின் கீழே ஒரு மார்பை இழந்து நிற்கும் பெண். யார் என்று கேட்கும் குன்றவர். அவளை அழைத்துப்போக வானிலிருந்து வரும் கணவன். அதற்குப் பிறகு பத்தினிக்குச் சிலை செய்யக் கல் எடுக்கச் சேர மன்னன் செங்குட்டுவன் இமயத்துக்குப் புறப்பட்டதும் என் கவனம் கலைந்துவிட்டது. 18 நாழிகைப் போர், கனக விசயர் தலையில் கல், கங்கையில் நீராட்டு, வெற்றி, மீண்டும் வெற்றி. கண்ணகி எங்கே? தன் கணவனுக்கு நீதி கேட்டுத் தனியாகப் போய் அரண்மனை வாசலில் நின்ற பெண், இங்கே ஒரு மன்னனின் படையெடுப்புக்குக் காரணமாகச் சுருங்கிவிட்டாள். தமிழின் பெருமை என்று மேடைகளில் முழங்கும் பகுதி இது. எனக்கு இதில் பெருமையைவிட இழப்பே அதிகம் தெரிந்தது.

இரண்டு இடங்கள் மட்டும் என்னை நிறுத்தின. கணவனோடு உயிர்விட்ட பாண்டிமாதேவி, நம் நாட்டுக்கு வந்த பத்தினி, இந்த இருவரில் வியக்கத்தக்கவர் யார் என்று செங்குட்டுவன் தன் தேவியிடம் கேட்கிறான். பாண்டிமாதேவி வானகம் பெறட்டும், நம் நாடு தேடி வந்தவளை நாம் போற்ற வேண்டும் என்கிறாள் வேண்மாள். கோயில் பிறப்பது அந்தப் பதிலில்தான், போரில் அல்ல. இன்னொரு இடம், மன்னன் நாட்டைப் பிரிந்து 32 மாதம் ஆகிவிட்டது என்று அவனுடைய சோதிடன் நினைவூட்டுவது. அந்த 32 மாதமும் வேண்மாள் தனியாக இருந்திருக்கிறாள். அவ்வளவு நீண்ட போர்ப் புகழுக்கு நடுவில் அந்தக் கணக்கையும் இளங்கோவடிகள் எழுதிவைத்தார் என்பதற்காக அவரை வணங்குகிறேன்.

மாலை கொழிஞ்சாம்பாறை திரும்பி, மாமாவோடு தோப்புப் பக்கம் போனேன். அவர் தோப்பில் முன்பு கள் இறக்கியவர் பக்கத்தில் குடியிருக்கிறார். வயது எழுபதுக்கு மேல். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்த பிறகு எல்லை தாண்டி இங்கே வந்துவிட்ட மரமேறி. கைகளின் உட்புறமும் நெஞ்சும் மரத்தில் தேய்ந்து தேய்ந்து காய்த்துப்போன தோல். தளைக்கயிறு பாதத்தில் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது.

கசாக்கில் மரமேறிகளைப் பற்றி ஒரு பழங்கதை வருகிறது. அந்தக் காலத்தில் பனை தானே வளைந்து கொடுக்குமாம். யாரும் ஏற வேண்டியதில்லை. மரமேறியின் பெண் கற்பு தவறியதிலிருந்து பனை வளைவதை நிறுத்திவிட்டதாம். அதை அவருக்குச் சொன்னேன்.

பெரியவர் யோசித்தார். "நான் இரண்டு தடவை விழுந்திருக்கிறேன் அம்மணி. ஒரு தடவை மரத்தில் ஈரம். இன்னொரு தடவை கயிறு இற்றுப்போயிருந்தது. நான்தான் கவனிக்கவில்லை."

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, அந்தப் பாட்டி, முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்: "விழுந்து கிடந்தபோது உங்கள் அம்மா என்னைத்தானே கேட்டார்கள், வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தாயா என்று?"

பெரியவர் பதில் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, "கேட்டார்கள்" என்றார். பாட்டி மறுபடி புடைக்க ஆரம்பித்தார். முறத்தின் சத்தமும் காற்றின் சத்தமும் ஒன்றுபோலவே இருந்தன.

நான்காம் நாள், ஜூன் 19: வாசகசாலை

ராத்திரி தூங்கவில்லை. மூன்று புத்தகங்கள் தலைக்குள் ஒன்றாகிவிட்டன. கண்ணகியின் கற்பு ஊரை எரிக்கிறது. கசாக்கில் ஒரு பெண் தவறியதால் பனை வளைய மறுக்கிறது. மூன்றாவது நான் கொண்டுவராத புத்தகம், தகழியின் 'செம்மீன்'. கரையில் இருக்கும் மனைவி கற்போடு இருந்தால் கடலம்மா கணவனைத் திருப்பி அனுப்புவாள், இல்லையென்றால் விழுங்கிவிடுவாள். சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் பதினெட்டு வயதில் படித்து, கருத்தம்மாவுக்கும் பரீக்குட்டிக்கும் அழுதேன். பழனியைச் சுறா இழுத்துப்போகும் அந்த இரவை விதி என்று ஏற்றுக்கொண்டேன். இப்போது அந்த நம்பிக்கையே என்னைத் தூங்கவிடவில்லை. கடலிலும் மரத்திலும் ஆண் உயிர் பிழைக்கும் பொறுப்பை, வீட்டில் விளக்கு வைக்கும் பெண்ணின் தலையில் ஏற்றியிருக்கிறோம். கயிறு இற்றுப்போனது யார் கண்ணிலும் படவில்லை.

இன்று கேரளத்தில் வாசிப்பு நாள். நூலக இயக்கத்தைக் கட்டியெழுப்பிய பி.என். பணிக்கர் 1995-இல் மறைந்த நாள். 1945-இல் 47 நூலகங்களைச் சேர்த்து அவர் தொடங்கிய சங்கம்தான் பின்னால் ஊருக்கு ஊர் வாசகசாலையாக விரிந்தது. அக்கா வீட்டுக்கு அருகிலும் ஒன்று. ஓடு வேய்ந்த இரண்டு அறைகள், நீள மேசையில் செய்தித்தாள்கள், தையல் போட்டுத் தடித்த பதிவேடு, ஒரு சுவர் முழுக்க மலையாளம், எதிரே இரண்டு தட்டுத் தமிழ்ப் புத்தகங்கள்.

இருபது பேர் இருந்தார்கள். தலா ஐந்து நிமிடம், சமீபத்தில் படித்ததைச் சொல்ல வேண்டும். அக்கா என் பெயரையும் கொடுத்துவிட்டாள். நான் தமிழில் பேசினேன், எல்லோருக்கும் புரிந்தது. கசாக்கைப் படிக்காமலே புகழ்ந்ததை முதலில் சொன்னேன். பிறகு தஸ்ராக் காற்று, பாட்டியின் தழும்பு, மைமுனா, கடைசியாக இந்தக் கற்பு விஷயம். பாதியில் குரல் நடுங்கியது. மலையாளிகள் தலையில் வைத்துக் கொண்டாடும் இரண்டு நாவல்களையும், தமிழர்கள் கொண்டாடும் காப்பியத்தையும் ஒரே மூச்சில் குறை சொல்கிறேனே என்று பயம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்தார். மலையாளம் கலந்த தமிழ். "தகழி அந்த நம்பிக்கையைச் சரி என்று சொல்லவில்லையே. கரைக்காரர்கள் அப்படி நம்பினார்கள், அந்த நம்பிக்கை ஒரு பெண்ணை எப்படிக் கொல்கிறது என்றுதானே காட்டுகிறார்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அவர் சொல்வது சரியாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டேன். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு கல்லூரிப் பெண், "ஆனால் ஸார், கடைசியில் கடல் பழனியை எடுத்துத்தானே கொள்கிறது? அந்த நம்பிக்கை பொய் என்றால், அவர் அவனைத் திரும்பி வரவைத்திருக்கலாமே?" என்றாள்.

அறை அமைதியானது. ஆசிரியர் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை நான் நாற்பது வருடம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை" என்றார். அவர் குரலில் இருந்தது சந்தோஷம்தான்; நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூவரும் வாசலில் நின்று டீ குடித்தபடி ஏழு மணி வரை பேசினோம். இன்னும் முடிவுக்கு வரவில்லை.

புறப்படும்போது நூலகர் தமிழ்த் தட்டிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, அக்காவின் உறுப்பினர் அட்டையில் பதிந்து கொடுத்தார். 'திருடன் மணியன்பிள்ளை'.

ஐந்தாம் நாள், ஜூன் 20

விடியற்காலையிலிருந்து மழை. வெளியே போகவில்லை.

மணியன்பிள்ளை உண்மையான திருடர். அவர் சொல்லச் சொல்ல ஜி.ஆர். இந்துகோபன் எழுதியது, தமிழில் குளச்சல் யூசுஃப். திருடப் போன வீட்டின் இருட்டில் மூச்சை எப்படி வைத்துக்கொள்வது என்பதுவரை சொல்கிறார். காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை வரை கீழே வைக்கவில்லை. திருட்டுப் பணத்தோடு மைசூருக்குப் போய் அங்கே பெரிய மனிதராக வாழும் பகுதியில், இந்த ஆள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நானே வேண்டிக்கொண்டிருந்தேன். அதை உணர்ந்ததும் ஒரு கணம் நிறுத்தினேன். எங்கள் வீட்டில் ஒருமுறை திருட்டுப் போயிருக்கிறது. அம்மாவின் இரண்டு வளையல். அம்மா ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. மணியன்பிள்ளை தன் பாவத்தை மறைக்கவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை. ஆனாலும் சொல்கிறவரின் பக்கம் சாய்ந்துவிடுவது எவ்வளவு எளிது! இருட்டில் விழித்துப் பார்த்துப் பயந்த அந்த வீட்டுக்காரர்களுக்கு இந்த 500 பக்கத்தில் வாய் இல்லை. பிடித்திருந்தது, மறுபடி படிக்க மாட்டேன்.

ராத்திரி மின்சாரம் போனபோது, 'அறம்' தொகுப்பிலிருந்து 'யானை டாக்டர்' கதையை அக்கா மகனுக்கு டார்ச் வெளிச்சத்தில் வாசித்துக் காட்டினேன். டாப்ஸ்லிப்பில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் கிருஷ்ணமூர்த்தியை வைத்து எழுதிய கதை. அந்த மலை இங்கிருந்து தெற்கே தெரிகிறது. அதன் மறுபக்கத்தில் இருக்கும் பரம்பிக்குளம் இதே சித்தூர் தாலுகாதான். ஆனால் போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்குள் போய் டாப்ஸ்லிப் வழியாகத்தான் போக முடியும். காட்டில் வீசிய பீர் பாட்டில் யானையின் காலைக் கிழித்துச் சீழ் வைக்கும் இடத்தில் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான். புழுக்களைக் குழந்தைகள் மாதிரி பார்க்கச் சொல்லும் இடத்தில் முகம் சுளித்தான், பிறகு "இன்னொரு தடவை அதைப் படியுங்கள் சித்தி" என்றான். கடைசிப் பக்கத்தில் என் தொண்டை அடைத்துவிட்டது. மீதியை அவனே எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தான்.

ஆறாம் நாள், ஜூன் 21: திரும்பும் வழி

காலையில் மரமேறிப் பெரியவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். பாட்டிக்கு அந்தப் பனைக் கதையின் மீதியைக் கேட்க வேண்டுமாம். அதற்கு மேல் கதை இல்லை, அவ்வளவுதான் என்றேன். "அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள்?" என்று கேட்டார். புத்தகத்தில் இல்லை என்றேன். "எழுதியவர் கேட்டிருக்க வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு, ஒரு பையில் பனங்கிழங்கு மாவு கட்டிக் கொடுத்தார்.

'சமைத்துப் பார்' அக்காவிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பூண்டுப் பக்கத்தை மட்டும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

பேருந்து நிறுத்தத்துக்கு வந்தபோது கசாக்கில் பதினோரு பக்கம் மீதி. ரவி ஊரை விட்டுப் புறப்படுகிறான். கூமன்காவில் மழை கொட்டுகிறது. பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறான். மண்கட்டிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பாம்புக் குஞ்சு வருகிறது. அவன் காலை நீட்டிக் கொடுக்கிறான். பிறகு படுத்துக்கொள்கிறான், மழைக்குள். பஸ் வருமென்று.

பொள்ளாச்சி பஸ் வந்து நின்றது. எனக்கு இன்னும் ஒரு பக்கம் இருந்தது. நடத்துநர் இரண்டு தடவை கூப்பிட்டார். நான் கையசைத்துப் போகச் சொல்லிவிட்டேன். ரவியை இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கடைசிப் பக்கத்தை ஓடும் பஸ்ஸில் படிக்க மனம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, கைக்குட்டையை எடுத்து நீட்டினார்; ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த பஸ் முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. கூட்டம். பொள்ளாச்சி வரை நின்றுகொண்டே வந்தேன். முன்பு என் பேச்சை நம்பிக் கசாக்கை வாங்கிய நண்பருக்குக் கோபாலபுரத்தில் சிக்னல் கிடைத்ததும் போன் செய்தேன். அவரும் நாற்பதாவது பக்கத்தில் நிறுத்திவிட்டாராம்.

"தஸ்ராக்கில் ஒரு திண்ணை இருக்கிறது" என்று தொடங்கினேன்.